தாளில் இருந்த பச்சை டிக்: மணலி சி.எஃப்.எஸ். ஒன்றில் திருத்தப்பட்ட டெலிவரி ஆர்டர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட சென்னையில் மணலி, மணலி புதுநகர், திருவொற்றியூர் பக்கம் இருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களில் ஒன்றில் இது நடந்தது. நிறுவனத்தின் பெயரோ, சம்பந்தப்பட்டவர்களின் பெயரோ இதில் இல்லை. தொழிலில் எல்லோரும் சொல்வதுபோல இனி சி.எஃப்.எஸ். என்றே எழுதுகிறோம்.

துறைமுகத்தில் இறங்கும் இறக்குமதி கன்டெய்னர் டிரெய்லரில் ஏறி சி.எஃப்.எஸ். வந்து சேரும். அங்கிருந்து இறக்குமதியாளரின் கிடங்குக்குப் போக மூன்று ஆவணங்கள் கூடி வர வேண்டும்: சுங்கத்துறை சரக்கை விடுவிக்கும் அவுட் ஆஃப் சார்ஜ், சி.எஃப்.எஸ். கட்டணம் கட்டிய ரசீது, கப்பல் நிறுவனமான ஷிப்பிங் லைன் (லைனர்) சரக்கை ஒப்படைக்கச் சொல்லிக் கொடுக்கும் டெலிவரி ஆர்டர் (டி.ஓ.). முதல் இரண்டும் சி.எஃப்.எஸ்.ஸின் கணினியிலேயே தெரிந்துவிடும். டி.ஓ. மட்டும் வெளியிலிருந்து ஒருவர் கையில் வருவது. கன்டெய்னர் எண், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) எண், சரக்கு பெறுபவர், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் லைனரிடம் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் கட்டி, டி.ஓ.வின் தேதியை நீட்டி, அதாவது ரீவேலிடேட் செய்து, வாங்கி வர வேண்டும். டிடென்ஷன் நாள் கணக்கில் ஏறும். தேதியின் இரண்டு இலக்கங்களுக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இந்த லைனர் சில ஆண்டுகளாகவே டி.ஓ.வை டிஜிட்டல் கையொப்பமிட்ட பி.டி.எஃப். கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பி வந்தது. இறக்குமதியாளருக்காகச் சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்டுக்கு ஒன்று, சி.எஃப்.எஸ்.ஸின் டி.ஓ. முகவரிக்கு ஒரு நகல். ஏஜென்ட்டின் ஃபீல்டு ஊழியர் அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு வருவார். கவுன்டரில் இருந்த நடைமுறையை யாரும் எழுதி வைக்கவில்லை. பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்தே வந்தது. கையொப்பப் பெட்டியில் பச்சை டிக் இருந்தால் முத்திரை குத்து. மஞ்சள் கேள்விக்குறி இருந்தால், "டிக் வரல தம்பி, போய் வர வெச்சு எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பு. அக்கம்பக்கத்து ஜெராக்ஸ் கடைகளுக்கு இதனால் நல்ல வியாபாரம். டிக் 'வர வைக்க' அவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை

ஷிஃப்ட் மாறும் நேரம். பிளாஸ்டிக் குருணை ஏற்றிய 40 அடி கன்டெய்னர் ஒன்று டிரெய்லரில் ஏறி கேட் பாஸுக்குக் காத்திருந்தது. அவுட் ஆஃப் சார்ஜ் வந்துவிட்டது, கட்டணமும் கட்டியாகிவிட்டது. டி.ஓ. பிரிண்டில் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. செல்லுபடித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் மீதி. கவுன்டர் எழுத்தர் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

கேட் பாஸில் கையெழுத்துப் போட வேண்டிய ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அந்தத் தேதியைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. மற்ற தேதிகளில் '1' என்ற இலக்கம் ஒரு மாதிரி இருக்க, இந்தத் தேதியில் மட்டும் கொஞ்சம் ஒல்லியாக, வரியிலிருந்து மயிரிழை கீழே இறங்கி இருந்தது. சந்தேகத்தைக் கிளப்பியது எழுத்துருதான். கையொப்பம் அந்த நிமிடம் வரை யாருக்கும் எதையும் சொல்லவில்லை.

"கோப்பு இருக்கா, அனுப்புங்க" என்று ஃபீல்டு ஊழியரிடம் கேட்டார். அவர் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். கைபேசியில் திறந்தால் அதே பச்சை டிக். கவுன்டர் கணினியின் பிரவுசரிலும் அதே பச்சை டிக். எழுத்தருக்கு நிம்மதி. பிறகு அதே கோப்பை அடோபி ரீடரில் திறந்தார்கள். கையொப்பமுள்ள கோப்பு என்றால் மேலே ஒரு பட்டை வரும், பக்கவாட்டில் கையொப்பப் பலகை திறக்கும். இரண்டும் வரவில்லை. டிக் மேல் சொடுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கோப்பில் கையொப்பமே கிடையாது. இருந்தது டிக்கின் படம் மட்டும்.

அந்தப் பரபரப்பில் எழுத்தர் ஒரு தவறு செய்தார். சந்தேகத் தேதியை மஞ்சள் ஹைலைட் போட்டுக் காட்டி, மூடும்போது 'சேவ் செய்யவா' என்று கேட்டதற்கு 'ஆம்' கொடுத்துவிட்டார். ஆதாரமாக இருக்க வேண்டிய கோப்பு அந்த நொடியில் மாறிப்போனது. வாட்ஸ்அப்பில் வந்த மூலச் செய்தி அழியாமல் இருந்ததால் மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தது.

டிக் எங்கிருந்து வருகிறது

டிஜிட்டல் கையொப்பம் இடும்போது நடப்பது இதுதான். கோப்பின் பைட்டுகளை எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்குமுறையில் போட்டு 256 பிட் நீளமுள்ள ஒரு சுருக்கத்தை, அதாவது ஹாஷை, எடுக்கிறார்கள். கையொப்பமிடுபவரின் யு.எஸ்.பி. டோக்கனுக்குள் இருக்கும் தனிச்சாவி அந்தச் சுருக்கத்தின் மேல் கையொப்பத்தை உண்டாக்குகிறது. சாவி டோக்கனை விட்டு வெளியே வராது. சரிபார்க்கும் கணினி, அந்தச் சாவிக்கு ஜோடியாகக் கையொப்பமிட்டவரின் சான்றிதழில் இருக்கும் பொதுச்சாவியைக் கொண்டு கையொப்பத்தைத் திறந்து, கோப்பின் ஹாஷைத் தானே புதிதாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒரு புள்ளி மாறியிருந்தாலும் பொருந்தாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 3-ஆம் பிரிவில் சொல்லும் முறையும் இதுவே. 5-ஆம் பிரிவு அதற்குக் கையெழுத்துக்கு இணையான மதிப்பைத் தருகிறது.

இதெல்லாம் கோப்புக்குள் நடக்கும் கணக்கு. பக்கத்தில் தெரியும் பெட்டியும் அதிலுள்ள பெயரும் தேதியும் வெறும் தோற்றம். நம் ஊரில் புழங்கும் கையொப்ப மென்பொருள்கள் பலவும் பழைய பாணியில் பெட்டியை வரைகின்றன: சரிபார்க்கும் முன் மஞ்சள் கேள்விக்குறி, ரீடர் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் அதே இடத்தில் பச்சை டிக். அந்த நிலையில் பிரிண்ட் கொடுத்தால் டிக்கும் சேர்ந்து அச்சாகும்.

ஆக, தாளில் உள்ள டிக் என்பது அச்சடித்தவரின் கணினி அந்த நேரத்தில் சொன்ன கருத்து. கவுன்டரில் இருப்பவர் எதையும் சரிபார்க்கவில்லை. யாரைச் சரிபார்க்க வேண்டுமோ அவரையே சரிபார்த்து வரச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த டி.ஓ.வில் செய்திருந்த வேலைக்குப் பெரிய சாமர்த்தியம் தேவைப்பட்டிருக்காது. டிக் வரவைத்து, 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' கொடுத்திருக்கிறார்கள். கையொப்பம் உதிர்ந்து படம் மட்டும் தங்கியது. பிறகு சாதாரண எடிட்டரில் தேதியை மாற்றியிருக்கிறார்கள்.

அன்று இரவு எடுத்த முடிவுகள்

கன்டெய்னரை வெளியே விடுவதில்லை என்பது முதல் முடிவு. டிரெய்லர் ஒரு நாள் நின்றால் வாடகை போகும், அவ்வளவுதான். செல்லாத டி.ஓ.வை நம்பி சரக்கைக் கொடுத்துவிட்டால் பாதுகாவலர் என்ற முறையில் லைனருக்குப் பதில் சொல்ல வேண்டியது சி.எஃப்.எஸ்.

இரண்டாவது, லைனர் அலுவலகத்தைக் கூப்பிடுவது. டி.ஓ.வின் அடியிலேயே ஒரு தொலைபேசி எண் இருந்தது. சூப்பர்வைசர் அதைத் தொடவில்லை, சி.எஃப்.எஸ்.ஸின் சொந்தப் பதிவேட்டில் இருந்த டியூட்டி எண்ணை அழைத்தார். சந்தேகத்துக்குரிய தாள் தரும் எண்ணில் பேசினால் அந்தத் தாளையே திரும்பக் கேட்டதாகத்தான் அர்த்தம். டி.ஓ. வியாழக்கிழமையோடு முடிந்துவிட்டது, ரீவேலிடேட் ஆகவில்லை என்று லைனர் தரப்பு உறுதி செய்தது.

மூன்றாவது, டி.ஓ. மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தது. கடவுச்சொல் ஒருவருக்கும் நினைவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர் டயரியில் எழுதி வைத்திருந்தார். உள்ளே படிக்காத மின்னஞ்சல்கள் ஆயிரக்கணக்கில். தேடியதில் இந்தக் கன்டெய்னரின் அசல் டி.ஓ., கையொப்பத்தோடு, வியாழக்கிழமைத் தேதியோடு கிடைத்தது. சரிபார்க்க வேண்டிய சரியான வழி முதல் நாளிலிருந்தே திறந்திருந்தது. யாரும் அதன் வழியாகப் போகவில்லை, அவ்வளவே.

நான்காவது, ஆதாரம் காப்பது. அசல் மின்னஞ்சலைத் தலைப்புத் தகவல்களோடு ஏற்றுமதி செய்தார்கள். வாட்ஸ்அப் கோப்பைப் புதிதாக இறக்கி, திறக்காமலே விண்டோஸின் சர்ட்யூட்டில் கட்டளையால் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷ் எடுத்து, இருவர் கையெழுத்துடன் பதிவேட்டில் எழுதினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் இடம்பெற வேண்டும். பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், எந்த நிலையில் இருந்த கோப்புக்கு எடுத்தது என்ற கேள்வி வரும். ஹைலைட் போட்ட பிரதியையும் அழிக்காமல், அப்படியே பெயரிட்டு வைத்தார்கள்.

மூன்று மாதக் கோப்புகள்

திங்கள்கிழமை தொடங்கி முந்தைய மூன்று மாத டி.ஓ.க்களை மறுபடி பார்த்தார்கள். தாளாக மட்டும் இருந்தவற்றுக்கு ஒரே வழி, மின்னஞ்சல் பெட்டியில் உள்ள அசலோடு கன்டெய்னர் எண்ணும் தேதியும் ஒப்பிடுவது. கோப்பாக வந்தவற்றை ரீடரில் திறந்து பார்த்தார்கள். அங்கேதான் விஷயம் குழம்பியது.

ஏஜென்ட்டுகள் அனுப்பிய கோப்புகளில் பெரும்பகுதியில் கையொப்பமே இல்லை. ஆனால் தேதி, எண் எல்லாம் அசலோடு ஒத்துப்போயின. காரணம் சாதாரணம்: டி.ஓ., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக ஒட்டி அனுப்புவது இங்கே வழக்கம். ஒட்டினாலும், அளவைக் குறைத்தாலும், கைபேசி ஸ்கேனர் செயலியில் படம் எடுத்தாலும் கையொப்பம் போய்விடும். இவர்களில் யாரும் மோசடிக்காரர்கள் அல்ல. கையொப்பம் இல்லாத கோப்பு என்பதற்காகக் குற்றம் சுமத்த முடியாது, ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

சிலவற்றில் கையொப்பம் இருந்தது, செல்லும் என்றும் வந்தது, கூடவே 'கையொப்பத்துக்குப் பின் மாற்றங்கள் உள்ளன' என்ற வரியும் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஏஜென்ட் அலுவலகம் 'ரிசீவ்டு' என்று ரப்பர் ஸ்டாம்பு போல ஒரு குறிப்பை ஒட்டியிருந்தது. அப்பாவி வேலைதான். ஆனால் அதே வழியில் தேதிக்கு மேல் வெள்ளைப் பெட்டி ஒன்றை ஒட்டி, புதுத் தேதி எழுத முடியும். ரீடர் அப்போதும் அதே வரியைத்தான் காட்டும். ஆகவே அந்த வரி வந்தால் 'கையொப்பமிட்ட பதிப்பைக் காட்டு' என்பதைச் சொடுக்கி, அதில் தெரியும் தேதியைத்தான் நம்ப வேண்டும்.

பின்னால் ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்பதை ரீடர் இல்லாமலும் பார்க்கலாம். கோப்பின் ஒரு பிரதியை நோட்பேடில் திறந்து 'பைட்ரேஞ்ச்' (ByteRange) என்ற சொல்லைத் தேடினால் நான்கு எண்கள் கிடைக்கும். உதாரணமாக 0, 18432, 34818, 5210. பூஜ்யத்திலிருந்து 18432 பைட்டுகள், பிறகு 34818-ஆம் இடத்திலிருந்து 5210 பைட்டுகள் ஹாஷில் சேர்ந்தவை. இடையிலுள்ள 16386 பைட்டுகள் கையொப்பம் உட்காரும் இடம். கடைசி இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 40028. கோப்பின் அளவும் சரியாக 40028 பைட்டு என்றால் பின்னால் எதுவும் சேரவில்லை. 46000 என்றால் மீதி பிறகு வந்தது. இது முழுச் சரிபார்ப்பு ஆகாது, கையொப்பத்தின் கணக்கையே இது தொடவில்லை. முதல் சல்லடையாக மட்டும் உதவும்.

உண்மையிலேயே தேதி மாறியிருந்தவை, சனிக்கிழமைப் பெட்டியைத் தவிர, இன்னும் இரண்டு. இரண்டும் அதே இறக்குமதியாளருடையவை, இரண்டும் ஏற்கெனவே வெளியே போனவை.

கவுன்டர் கணினிகளில் கண்டது

மூன்று கணினிகள், மூன்றும் மூன்று விதமாகத் தவறாக இருந்தன.

முதல் கணினியில் எந்த டி.ஓ.வைத் திறந்தாலும் 'செல்லுபடி தெரியவில்லை' என்றே வந்தது. இந்தியச் சான்றிதழ்கள் எல்லாம் கடைசியில் சான்றளிக்கும் அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர், அதாவது சி.சி.ஏ.வின் ரூட் (மூல) சான்றிதழில் போய் முடியும். அந்தக் கணினியில் 2014-ஆம் ஆண்டு ரூட் மட்டும் இருந்தது. புதிய டோக்கனில் வந்த கையொப்பங்கள் 2022 ரூட்டைத் தேடின. எப்போதும் மஞ்சளாகவே இருந்ததால் ஊழியர்கள் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே நிறம்.

இரண்டாவது கணினியில் எல்லாமே பச்சை. யாரோ ஒருவர், மஞ்சள் வரும்போதெல்லாம் கையொப்பத்தின் பண்புகளுக்குள் போய், அந்தக் கோப்பிலேயே இருக்கும் சான்றிதழை 'நம்பகமானவை' பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஜெராக்ஸ் கடைகள் டிக் வரவைப்பதும் இதே வழியில்தான். எவ்வளவு ஆபத்து என்று காட்ட, ஆய்வுக் குழு ரீடரிலேயே, யாரும் சான்றளிக்காமல் தானே தயாரித்துக்கொள்ளும் சுயகையொப்பச் சான்றிதழ் ஒன்றை லைனரின் பெயர்போலத் தோன்றும் பெயரில் உருவாக்கி ஒரு வெற்றுத்தாளில் கையொப்பமிட்டது. அதே முறையில் 'நம்பு' கொடுத்ததும் பச்சை டிக் வந்தது. சோதனை முடிந்ததும் அந்தச் சான்றிதழை நீக்கினார்கள். மூன்றில் இதுதான் மோசமானது என்பது எங்கள் கருத்து. மஞ்சள் கணினியாவது தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டது.

மூன்றாவது, கேட்டில் இருந்த கணினி. மதர்போர்டு பேட்டரி தீர்ந்ததால், மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். நல்ல சான்றிதழையும் 'இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று சொல்லும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் சி.ஆர்.2032 பேட்டரி மாற்றியதும் சரியானது. அதே கணினிக்கு இணையம் முழுவதும் அடைக்கப்பட்டிருந்ததால், ரத்தான சான்றிதழ்களின் பட்டியலையும் அதனால் இறக்க முடியவில்லை. டோக்கன் தொலைந்து லைனர் சான்றிதழை ரத்து செய்திருந்தாலும் அந்தக் கணினிக்குத் தெரிந்திருக்காது.

பின்விளைவு

இறக்குமதியாளர் டிடென்ஷன் கட்டி, முறையாக ரீவேலிடேட் ஆன டி.ஓ. வந்த பிறகு செவ்வாய்க்கிழமை கன்டெய்னர் வெளியேறியது. முந்தைய இரண்டு பெட்டிகளுக்கான டிடென்ஷனை லைனர் தனியாகக் கேட்டு வாங்கியது. தேதியை மாற்றியது யார் என்பது உறுதியாகவில்லை. ஃபீல்டு ஊழியர் தனக்குக் கோப்பாகவே வந்தது என்றார்; கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் இறக்குமதியாளர் தரப்பைக் காட்டியது; அவர்கள் திரும்ப ஏஜென்ட்டைக் காட்டினார்கள். சி.எஃப்.எஸ். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறது. புகார் எழுதும்போது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. அது இன்னொருவரின் மின்னணுக் கையொப்பத்தையோ கடவுச்சொல்லையோ மோசடியாகப் பயன்படுத்துவதற்கானது. இங்கே லைனரின் தனிச்சாவியை யாரும் தொடவில்லை. கையொப்பம் உதிர்ந்த ஒரு படத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி, பிரிவைக் காவல்துறையிடமே விட்டார்கள்.

மாற்றியவை

கவுன்டரில் டி.ஓ. தாளை இனி யாரும் பார்ப்பதில்லை. ஏஜென்ட் கன்டெய்னர் எண்ணைச் சொன்னால் போதும். லைனரிடமிருந்து நேராக வந்த மின்னஞ்சலில் உள்ள கோப்பைத்தான் திறக்கிறார்கள். அதற்கென்று ஒரே கணினி. சி.சி.ஏ.வின் இணையதளத்திலிருந்து ரூட் சான்றிதழை இறக்கி, சான்றிதழின் அடையாள எண்ணான ஃபிங்கர்பிரின்ட்டை ஒப்பிட்டு ஏற்றினார்கள். நம்பகப் பட்டியலில் இருந்த மற்ற எல்லாவற்றையும் நீக்கினார்கள். பட்டியலில் சேர்க்கும் உரிமை இப்போது நிர்வாகக் கடவுச்சொல் உள்ளவருக்கு மட்டும். ரத்துப் பட்டியல் இறங்கும் முகவரிகளுக்கு ஃபயர்வாலில் வழி திறந்தார்கள். ரீடரின் பதிப்பைப் புதுப்பிப்பதும் பட்டியலில் உண்டு. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 22 டெஸ்க்டாப் பி.டி.எஃப். வியூவர்களில் 21-ஐ ஏதோ ஒரு வகையில் ஏமாற்ற முடிந்தது. அந்த ஓட்டைகளுக்குத் திருத்தம் பிறகுதான் வந்தது.

கையொப்பம் சரி என்று வந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: யாருடைய கையொப்பம்? கிளாஸ் 3 வகைச் சான்றிதழ் உள்ள டோக்கன் வைத்திருக்கும் எவரும் தன் சொந்தப் பெயரில் எந்த பி.டி.எஃப்.பிலும் கையொப்பமிடலாம், பச்சைதான் வரும். எனவே ஒவ்வொரு லைனரிடமிருந்தும் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்களின் பெயர், நிறுவனப் பெயர், சான்றிதழ் வரிசை எண் மூன்றையும் எழுத்தில் வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

மறுபடி நடந்தால் வேறு மாதிரி செய்ய வேண்டியதாகக் குழு குறித்தவை இரண்டு. சந்தேகம் வந்ததும் கோப்பை ஃபீல்டு ஊழியரிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டதால் அவர் தரப்புக்குத் தகவல் போய்விட்டது, கைபேசியில் வேறு எதையாவது அழித்திருந்தால் தெரியாது. முதலில் மின்னஞ்சல் பெட்டி, பிறகு லைனர், கடைசியில்தான் அவர். இரண்டாவது, சந்தேகக் கோப்பைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள ஃபோல்டரில் போட்டு, ஹாஷ் எடுத்த பிறகே திறக்க வேண்டும்.

புதிய முறையிலும் ஒரு சிக்கல் வந்துவிட்டது. கையொப்பச் சான்றிதழ் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். புதுப்பித்தால் வரிசை எண் மாறும். ஒரு லைனர் வெள்ளிக்கிழமை டோக்கன் மாற்றி, தகவல் சொல்ல மறந்தது. சனிக்கிழமை வந்த டி.ஓ.க்கள் எல்லாம் சுவர்ப் பட்டியலோடு பொருந்தவில்லை, மதியம் வரை டிரெய்லர்கள் சாலையோரம் நின்றன, ஓட்டுநர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இப்போது பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சான்றிதழ் முடியும் தேதியும் எழுதியிருக்கிறது. 30 நாள் இருக்கும்போதே கவுன்டர் எழுத்தர் லைனரைக் கூப்பிடுகிறார்.